அரை விழுக்காடு இரும்பு

பாடாங் சிராய், பிற்பகல் இரண்டு மணி.
செம்பனை ஆலையின் கடைசிக் கழிவுக்குளம்
ஆறிப்போன கடுங்காப்பி நிறத்தில் கிடக்கிறது.
கரையில் கால் ஆடும் பிளாஸ்டிக் மேசை.
குளத்துநீரை ஐம்பது மடங்கு நீர்த்து
ஊற்றிய கிண்ணங்கள் பன்னிரண்டு.
அவற்றின் அடியில் ஆளுக்கொரு கண்ணாடித் துண்டு,
கண்ணாடியின் மேல்
டைட்டானியம் ஆக்சைடின் மெல்லிய தோல்.
நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்தால்
பெட்ரோல் சிந்திய மழைநீர்போல் ஊதா ஓடும்.

பழக்குலை லோரியை எடைமேடையில் விட்டுவிட்டு
முகிலரசு தினமும் கேட்கிறான்:
"என்ன மிஸ், அப்பளமா காயுது?"

இந்த ஆக்சைடு
சோற்றில் குறை சொல்லும் பிள்ளை.
இத்தனை வெயில் கொட்டுகிறது,
புறஊதாவை மட்டும் தொடும்,
நூற்றில் நாலைந்து பங்கு.
மீதியைத் தட்டிலேயே விட்டு எழுந்துவிடும்.
தொட்டதாவது உடம்பில் ஒட்டுமா?
துள்ளி எழுந்த எலக்ட்ரான்
பாதி தூரத்தில் மனம் மாறித்
தான் விட்டுவந்த குழியிலேயே விழும்,
வேலைக்குக் கிளம்பியவன்
பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு திரும்புவதுபோல.
கொஞ்சம் சூடு மிஞ்சும்.
குளம் குளமாகவே இருக்கும்.

அதனால்தான் இரும்பு.
டைட்டானியத்தின் நாற்காலியில் இரும்பு உட்காரும்.
உடல்வாகு ஏறக்குறைய ஒன்று,
மின்னூட்டத்தில்தான் ஒன்று குறைச்சல்.
அந்தக் குறைச்சல் நடுவில் ஒரு படியாகிறது.
சாதாரண வெளிச்சமும் கால் வைத்து ஏறலாம்.
கிளம்பிய எலக்ட்ரானைச் சற்று நிறுத்தி
பேச்சுக் கொடுக்கவும் அங்கே ஆள் இருக்கும்,
அதற்குள் குழி தன் வேலையைப் பார்க்கும்:
நீரைப் பிடிக்கும், நிறத்தை உடைக்கும்.

அரை, ஒன்று, இரண்டு, ஐந்து விழுக்காடு.
ஐந்தைத்தான் நம்பியிருந்தேன். பேராசை.
உலையிலிருந்து வரும்போதே தேநீர் நிறம்.
வெளிச்சத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது,
ஒரு சொட்டு நிறத்தைக்கூட உடைக்கவில்லை.
படிகள் அத்தனை நெருக்கமானால்
ஏறுகிறவனும் இறங்குகிறவனும்
அங்கேயே முட்டிக்கொண்டு முடிந்துபோகிறார்கள்.

அரை விழுக்காடு மூன்று மணி நேரத்தில்
கிண்ணத்தை வெளுத்தது. நல்லது.
ஆனால் பூஜ்யம்?
இரும்பே சேர்க்காத துண்டு,
மற்றதையெல்லாம் அளப்பதற்காக
சும்மா இருக்கவேண்டிய துண்டு,
அதுவும் வெளுத்தது.
மூன்று முறை செய்தேன், மூன்று முறையும்.

கூலிம் ஆய்வகத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு
முக்கியெடுக்கும் கருவியைக் கழற்றினேன்.
ஆ செங் கடையில் வாங்கிய முதலைவாய்க் கிளிப்.
அதன் பல்லிடுக்கில் துரு.
கரைசலின் அமிலம் அதை நக்கி நக்கி,
'தூயது' என்று நான் எழுதி ஒட்டிய குடுவையில்
முக்கும்போதெல்லாம் துளித்துளியாய்
விட்டிருக்கிறது. ஐந்து மாதம்.
அப்படியென்றால் அரை என்பதும் அரை அல்ல.
ஒன்று என்பது ஒன்றும் கொசுறும்.
நோட்டுப் புத்தகத்தின் எண்பது பக்கத்துக்கும்
துரு பிடித்த வாடை.

டாக்டர் நோர்ஹயாத்தி போனில் திட்டவில்லை.
"ஊலாங்" என்றார். மறுபடி செய்.
பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

இன்று புதுக் கிளிப், பிளாஸ்டிக், ஒரு ரிங்கிட் இருபது.
புதுப் பூஜ்யம் கிண்ணத்தில் சும்மா கிடக்கிறது,
கழிவுநீரும் அதுவும் ஒன்றையொன்று பார்த்தபடி.
இவ்வளவு சும்மாவாக ஒன்று இருப்பதைப் பார்த்து
எனக்கு ஏன் இத்தனை சந்தோஷம்?
பழையதை வீசவில்லை.
மேல் எழுதியிருந்த 'தூயது' என்பதை அடித்தேன்.
பதிலுக்கு எழுதச் சொல் கிடைக்கவில்லை,
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நாலு மணி மேகம் ஆலைப் புகையோடு சேர்கிறது.
கிண்ணங்களை மூடவேண்டும்.
முகிலரசு எட்டிப் பார்க்கிறான்.
"என்ன மிஸ், அப்பளம் கருகிடுச்சா?"

இல்லப்பா. உப்பு போடாமலே உப்புக் கரிச்சது.
எங்கேருந்து விழுந்ததுன்னு
இப்பதான் தெரிஞ்சுது.